கொலாஜன்

கொலாஜன் என்பது விலங்குகளின் உடலில் திசுக்களைத் தாங்கிப் பிணைத்து நிற்கும் நார் வடிவப் புரதம் ஆகும். பாலூட்டிகளின் உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதம் இதுவே. உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 25 முதல் 35 விழுக்காடு வரை கொலாஜனாக உள்ளது. தோல், எலும்பு, பல், தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக் குழாய்ச் சுவர், விழியின் முன்படலம் ஆகியவற்றின் உறுதிக்கு இது அடிப்படையாக அமைகிறது. கோந்து எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதன் பெயர் வந்தது. விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பசை எடுக்கும் தொழில் பழங்காலம் முதல் இருந்து வருவதே இப்பெயருக்குக் காரணம்.

கொலாஜனின் மூலக்கூறு மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற முச்சுருள் வடிவம் கொண்டது. இவ்வடிவத்தை முதன்முதலில் முன்மொழிந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா ஆகியோர் ஆவர் (1954, 1955). காயம் ஆறுதல், எலும்பு நோய்கள், தோல் பதனிடுதல் ஆகிய துறைகளில் இக்கண்டுபிடிப்பு அடிப்படை அறிவாக விளங்குகிறது. சிறு துண்டுகளாக வெட்டப்பட்ட கொலாஜன், "கொலாஜன் பெப்டைடு" என்ற பெயரில் தோல் பொலிவுக்கும் மூட்டு வலிக்கும் உடல் எடைக் குறைப்புக்கும் உரியதாக விற்கப்படுகிறது. முச்சுருளின் அமைப்பை அறிந்தால் இக்கூற்றுகளின் வலுவையும் வரம்பையும் புரிந்துகொள்ளலாம்.

வேதி அமைப்பு

புரதங்கள் அனைத்தும் அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைவதால் உருவாகின்றன. இரு அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பு பெப்டைடு பிணைப்பு எனப்படும். ஒரு சில முதல் ஏறத்தாழ ஐம்பது வரையிலான அமினோ அமிலங்கள் கொண்ட குறுஞ்சங்கிலியைப் பெப்டைடு என்றும், அதனினும் நீண்டதைப் புரதம் என்றும் வழங்குவது மரபு.

கொலாஜனின் ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ 1000 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் அமைந்திருக்கும். மற்ற இரு இடங்களில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் மிகுதியாகக் காணப்படுகின்றன. மூன்று சங்கிலிகளும் நெருங்கி முறுக்கிக்கொள்ளும்போது அவற்றின் நடுவே மிகக் குறுகிய இடமே எஞ்சுகிறது. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே, அதாவது பக்கக் கிளையாக ஒரேயொரு ஹைட்ரஜன் அணுவைக் கொண்டது மட்டுமே, அவ்விடத்தில் பொருந்தும்.

தனிச் சங்கிலி ஒவ்வொன்றும் இடஞ்சுழியாகச் சுருண்டிருக்க, மூன்றும் சேர்ந்து வலஞ்சுழியாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிப்போர் புரிகளை ஒரு திசையிலும் கயிற்றை எதிர்த்திசையிலும் முறுக்குவதற்கு ஒப்பானது இது. இவ்வாறு எதிரெதிராக முறுக்கிய கயிறு இழுக்கும்போது பிரிவதில்லை. இம்மூலக்கூறு ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் விட்டமும் உடையது.

மனித உடலில் 28 வகைக் கொலாஜன்கள் அறியப்பட்டுள்ளன. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் முதல் வகையும், குருத்தெலும்பில் இரண்டாம் வகையும் மிகுதி. புதிதாக ஆறும் காயத்தில் மூன்றாம் வகை முதலில் தோன்றுகிறது.

கட்டமைப்பு கண்டறியப்பட்ட வரலாறு

பின்னணி

எக்சுக் கதிர் விளிம்பு விளைவு முறையால் நார்ப் புரதங்களை ஆராயும் பணியை 1930களில் இங்கிலாந்தில் வில்லியம் ஆசுட்பரி முன்னெடுத்தார். 1951இல் லைனசு பாலிங், ராபர்ட் கோரி ஆகியோர் பல புரதங்களின் வடிவங்களை வெளியிட்டபோது கொலாஜனுக்கும் ஒரு மாதிரியை முன்வைத்தனர். அது சோதனை முடிவுகளோடு பொருந்தவில்லை.

1952இல் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 30. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், சி. வி. இராமனின் பரிந்துரையின்பேரில் அவரை அழைத்தார். கிண்டி வளாகத்தில் அமைந்த அத்துறையில் எக்சுக் கதிர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் சென்னைக்கு வந்த அறிவியலாளர் ஜே. டி. பெர்னல், கொலாஜனுக்கு அதுவரை கூறப்பட்ட வடிவங்கள் எவையும் நிறைவளிக்கவில்லை எனக் குறிப்பிட்டார். இப்பேச்சே இராமச்சந்திரனின் கவனத்தைக் கொலாஜன் பக்கம் திருப்பியது.

கிண்டி வளாகத்திற்கு அருகில், அதே சர்தார் பட்டேல் சாலையில், 1948இல் தொடங்கப்பட்ட நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜனே என்பதால், ஆய்வுக்கான மாதிரிப் பொருள் அங்கு எளிதில் கிடைத்தது. அந்நிறுவனத்திலிருந்து சுறாத் துடுப்பின் கொலாஜன் பெறப்பட்டது. பின்னர் ஆத்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட கங்காருவின் வால் தசைநாண் மேலும் தெளிவான விளிம்பு விளைவுப் படங்களைத் தந்தது.

சென்னை மாதிரி

1954 ஆகத்து மாதம் 'நேச்சர்' இதழில் இராமச்சந்திரனும் கர்த்தாவும் வெளியிட்ட கட்டுரை, கொலாஜன் மூன்று இணைச் சங்கிலிகளால் ஆனது எனக் கூறியது. எல்லாக் கொலாஜன்களிலும் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் இருப்பதை அவர்கள் வடிவத்திற்கான முதன்மைத் தடயமாகக் கொண்டனர். 1955இல் வெளியான இரண்டாம் கட்டுரையில், மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றி மேலும் ஒருமுறை முறுக்கிக்கொள்வதாக மாதிரி திருத்தப்பட்டது. இது பின்னாளில் "மதராசு முச்சுருள்" எனப் பெயர் பெற்றது.

கருத்து வேறுபாடு

அதே 1955ஆம் ஆண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிசு கிரிக் ஆகியோர் முச்சுருள் மாதிரியை ஏற்று, ஆனால் அதில் ஒரு திருத்தத்தை முன்வைத்தனர். சென்னை மாதிரியில் ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் சங்கிலிகளுக்கிடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்தன. அவ்வாறு அமைந்தால் சில அணுக்கள் இயல்புக்கு மீறி நெருங்கிவிடும் என்றும், ஒரு பிணைப்பே இருக்க இயலும் என்றும் அவர்கள் கூறினர். இலண்டன் கிங்சு கல்லூரிக் குழுவினரும் இதையொத்த மாதிரியை வெளியிட்டனர்.

இராமச்சந்திரன் வரைபடம்

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற வினாவுக்கு அன்று உறுதியான விடை இல்லை. எனவே அதுவரை வெளியான படிக அமைப்புகளில் அணுக்களுக்கிடையே உள்ள மிகக் குறைந்த தொலைவுகளை இராமச்சந்திரன் குழுவினர் திரட்டினர். பெப்டைடு சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அவற்றின் சுழற்சிக் கோணங்கள் ஃபை, சை எனப்படும். எந்தக் கோண இணைகளில் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்பதைக் கணக்கிட்டு ஒரே வரைபடத்தில் குறித்தனர். இராமச்சந்திரன், சி. இராமகிருட்டிணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட இவ்வரைபடமே இன்று இராமச்சந்திரன் வரைபடம் என உலகெங்கும் அறியப்படுகிறது. புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகளின் சரித்தன்மையைச் சோதிக்க இது இன்றளவும் பயன்படுகிறது.

பிற்கால உறுதிப்பாடு

1968இல் இராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும், இரண்டாவது பிணைப்பு நேரடியாக அன்றி நீர் மூலக்கூறு ஒன்றின் வழியாக அமையலாம் என முன்மொழிந்தனர். 1994இல் அமெரிக்காவில் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்சுகி உள்ளிட்ட குழுவினர் கொலாஜனை ஒத்த செயற்கைப் பெப்டைடு ஒன்றைப் படிகமாக்கி, அதன் அமைப்பை அணு அளவில் கண்டறிந்தனர். முச்சுருள் வடிவம் உறுதியானது. சங்கிலிகளுக்கிடையே மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பே இருந்தது. நீர் வழியான பிணைப்புகளும் காணப்பட்டன. ஆக, மூன்று சங்கிலிகள் என்ற அடிப்படையில் சென்னைக் குழுவும், பிணைப்புகளின் எண்ணிக்கையில் ரிச், கிரிக் ஆகியோரும் சரியாக இருந்தனர்.

கர்த்தா பின்னர் அமெரிக்கா சென்று 1967இல் ரைபோநியூக்கிளியேசு என்னும் நொதியின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் முதன்மைப் பங்காற்றினார். இராமச்சந்திரன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 2001 ஏப்பிரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

உடலில் உருவாகும் முறை

கொலாஜன் சங்கிலிகள் நாரரும்பு எனப்படும் உயிரணுக்களில் உருவாகின்றன. சங்கிலியில் சேர்ந்த புரோலின்கள் பல, நொதி ஒன்றின் செயலால் ஹைட்ராக்சிபுரோலினாக மாறுகின்றன. இந்நொதி தொடர்ந்து இயங்க இரும்பும் உயிர்ச்சத்து சி-யும் தேவை. ஹைட்ராக்சிபுரோலின் குறைந்த முச்சுருள் உடல் வெப்பநிலையில் நிலைத்திருப்பதில்லை. குளிர்நீரில் வாழும் மீன்களின் கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின் குறைவு என்பதால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுகிறது.

முறுக்கி முடிந்த மூலக்கூறு உயிரணுவை விட்டு வெளியேறியபின் அதன் இரு முனைகளும் வெட்டப்படுகின்றன. பின்னர் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று சற்றே தள்ளி அடுக்கப்பட்டு நுண்ணிழைகள் ஆகின்றன. தாமிரம் அடங்கிய மற்றொரு நொதி அவற்றுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறது. தசைநாணின் வலிமை இக்குறுக்குப் பிணைப்புகளிலிருந்தே வருகிறது.

தொடர்புடைய நோய்கள்

உயிர்ச்சத்து சி குறைவால் ஏற்படும் ஸ்கர்வி நோயில் ஈறுகளில் குருதி கசியும். புதிய காயங்கள் ஆறா. ஆறிய பழைய தழும்புகளும் பிரியக்கூடும். கொலாஜன் தொடர்ந்து சிதைந்து புதுப்பிக்கப்படுவதை இது காட்டுகிறது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, முருங்கைக்கீரை ஆகியவை உயிர்ச்சத்து சி மிகுந்தவை.

எளிதில் எலும்பு முறியும் பிறவி நோயான ஆசுடியோசெனசிசு இம்பர்பெக்டாவில், பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜனின் மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. சங்கிலியில் உள்ள ஏறத்தாழ 1000 அமினோ அமிலங்களில் ஒரேயொரு கிளைசின் வேறொன்றாக மாறினாலும் கடும் நோய் ஏற்படலாம். 1994இல் படிகமாக்கப்பட்ட பெப்டைடில் வேண்டுமென்றே ஒரு கிளைசினுக்குப் பதிலாக அலனின் வைக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் முச்சுருளின் முறுக்கு தளர்ந்திருந்தது இந்நோயின் காரணத்தை விளக்கியது.

காயம் ஆறுதலும் திசு மீட்பும்

காயம் பட்ட இடத்தில் குருதி உறைதல், அழற்சி, புதுத் திசு வளர்தல், மறுசீரமைப்பு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. மூன்றாம் கட்டத்தில் நாரரும்புகள் முதலில் மூன்றாம் வகைக் கொலாஜனை விரைந்து உருவாக்குகின்றன. பின்னர் பல மாதங்களில் அது முதல் வகையால் மாற்றப்படுகிறது. முழுமையாக ஆறிய தழும்பும் முன்பிருந்த தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையே எட்டுகிறது.

நீரிழிவு நோயாளிகளின் காயங்களில் அழற்சி நீடிப்பதால், புதிய கொலாஜன் உருவாவதைவிட விரைவாக நொதிகளால் சிதைக்கப்படுகிறது. இதனால் காலில் ஏற்படும் சிறு காயமும் ஆறாப் புண்ணாகலாம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. எனவே ஆறாப் புண்களுக்கான மருத்துவம் இங்கு முதன்மை வாய்ந்தது.

மருத்துவப் பயன்பாடு

தோல் பதனிடுதல் என்பது வேதியியல் நோக்கில், கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குவதே ஆகும். பதனிடாத தோல் நீரில் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பத்தில் சுருங்கிவிடும். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, குரோம்பேட்டை ஆகிய ஊர்களில் வளர்ந்த இத்தொழிலுக்காக நிறுவப்பட்ட நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதே அறிவைக் கொண்டு மாட்டுத் தோலின் கொலாஜனிலிருந்து தீப்புண்களை மூடும் கொலாஜன் தாள்களையும் உருவாக்கியது.

இத்தாள் புண்ணை மூடி நீரிழப்பைக் குறைக்கிறது. புதிய உயிரணுக்கள் ஊர்ந்து வளர்வதற்கான சாரமாகவும் அமைகிறது. இதில் முச்சுருள் வடிவம் சிதையாமல் காக்கப்படுகிறது என்பது கருதத்தக்கது. அறுவை மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்ட கேட்கட் தையல் இழையும் விலங்குக் குடலிலிருந்து எடுக்கப்படும் கொலாஜனே.

ஜெலட்டினும் கொலாஜன் பெப்டைடும்

கொலாஜனை நீரில் நெடுநேரம் காய்ச்சினால் முச்சுருள் பிரிந்து தனிச் சங்கிலிகளாகிறது. இதுவே ஜெலட்டின். ஆட்டுக்கால் சாறு ஆறியபின் கூழ் போல் உறைவது இதனால்தான். ஜெலட்டினை நொதிகளால் மேலும் வெட்டினால் குளிர்நீரிலும் கரையும் கொலாஜன் பெப்டைடு கிடைக்கிறது. இவை மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோல், எலும்பு, செதில்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. தாவரங்களில் கொலாஜன் இல்லை. "தாவரக் கொலாஜன்" என விற்கப்படுபவை பெரும்பாலும் உயிர்ச்சத்து சி, அமினோ அமிலங்கள் முதலியவற்றின் கலவைகளே.

உண்ட கொலாஜன் பெப்டைடு குடலில் அமினோ அமிலங்களாகவும், இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளாகவும் செரிக்கப்படுகிறது. அத்துண்டுகளில் சில குருதியில் கலப்பது அளந்தறியப்பட்டுள்ளது. ஆனால் அவை மீண்டும் ஒன்றுசேர்ந்து தோலிலோ மூட்டிலோ கொலாஜனாக அமைவதில்லை. உடல் தன் மரபணுக் குறிப்பின்படி தனக்கு வேண்டிய கொலாஜனைப் புதிதாகவே உருவாக்குகிறது. அதற்கான அமினோ அமிலங்கள் பருப்பு, பால், முட்டை, மீன் முதலிய எப்புரத உணவிலிருந்தும் கிடைக்கும்.

தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் சற்றே கூடுவதாகச் சில சிறு ஆய்வுகள் கூறுகின்றன. அவற்றுள் பல உற்பத்தி நிறுவனங்களின் நிதியில் நடந்தவை. 2025இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, நிறுவன நிதி பெறாத ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை எனத் தெரிவித்தது.

உடல் எடைக் குறைப்பு

நீர்மப் புரத உணவு

உணவை முற்றிலும் நிறுத்திவிட்டுச் சிதைத்த கொலாஜன் கரைசலை மட்டும் அருந்தி எடையைக் குறைக்கும் முறை 1970களில் அமெரிக்காவில் பரவியது. 1976இல் வெளியான ஓர் எடைக்குறைப்பு நூல் இதற்குப் பெரும் விளம்பரம் தந்தது. எடை விரைவாகக் குறைந்தது. ஆனால் 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் இம்முறையைப் பின்பற்றியோருள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவாயிற்று. அவர்களுள் பலர் முன்பு இதய நோய் இல்லாதவர்கள். இதயத் துடிப்புச் சீர்குலைவே பலரின் இறப்புக்குக் காரணமாக இருந்தது.

உடலால் உருவாக்க இயலாத ஒன்பது இன்றியமையா அமினோ அமிலங்களுள் டிரிப்டோபான் கொலாஜனில் அறவே இல்லை. மற்றவற்றுள் சிலவும் குறைவு. எனவே கொலாஜனை மட்டும் உண்பவரின் உடல், கொழுப்பை மட்டுமன்றித் தன் தசையையும் கரைக்கிறது. இதயமும் தசையே. பொட்டாசியம் முதலிய கனிமங்களின் குறைவும் தீங்கைக் கூட்டியது. புரதத் தர மதிப்பீட்டில் தனித்த ஜெலட்டின் சுழி மதிப்பெண்ணே பெறுகிறது.

கொலாஜன் பெப்டைடைச் சமச்சீர் உணவோடு சேர்த்து உண்பதில் இத்தகைய இடர் இல்லை. மற்றப் புரதங்களைப் போலவே அது ஓரளவு பசியைத் தணிக்கலாம். கொழுப்பைக் கரைக்கும் தனிப்பண்பு அதற்கு உண்டென நிறுவப்படவில்லை.

ஹார்மோன் வகைப் பெப்டைடுகள்

செமாகுளுடைடு போன்ற மருந்துகளும் பெப்டைடுகள் என்பதால் இவை கொலாஜன் பெப்டைடோடு குழப்பிக்கொள்ளப்படுகின்றன. இரண்டும் செயல்படும் விதம் முற்றிலும் வேறு. கொலாஜன் கட்டுமானப் பொருள்; செமாகுளுடைடோ செய்தி சொல்லும் மூலக்கூறு. 31 அமினோ அமிலங்கள் கொண்ட இது, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோனைப் போலச் செயல்பட்டு மூளையில் பசியைக் குறைக்கிறது. இயற்கை ஜிஎல்பி-1 குருதியில் சில நிமிடங்களே நிலைக்கும். செமாகுளுடைடு ஒரு வாரம் வரை நிலைக்குமாறு மாற்றியமைக்கப்பட்டது. செரிமானத்தில் சிதைந்துவிடும் என்பதால் பெரும்பாலும் ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. மாத்திரை வடிவில் உறிஞ்சுதலுக்கு உதவும் சேர்மம் ஒன்று உடன் சேர்க்கப்படுகிறது.

2021இல் வெளியான பெரிய மருத்துவ ஆய்வில், 68 வாரங்களில் செமாகுளுடைடு பெற்றோரின் எடை சராசரியாக 14.9 விழுக்காடும், மருந்துப்போலி பெற்றோரின் எடை 2.4 விழுக்காடும் குறைந்தது. மருந்தை நிறுத்தியோர் ஓராண்டுக்குள் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைத் திரும்பப் பெற்றனர். குமட்டல், வாந்தி ஆகியவை பொதுவான பக்க விளைவுகள். குறையும் எடையில் ஒரு பகுதி தசையாகவும் இருப்பதால் போதிய புரத உணவும் உடற்பயிற்சியும் வலியுறுத்தப்படுகின்றன. இந்தியாவில் உடல் எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடு ஊசி 2025 சூன் மாதம் அறிமுகமானது. இது மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து.

ஆய்வு நிலைப் பெப்டைடுகள்

தசைநாண், மூட்டுக் காயங்களை விரைவில் ஆற்றுவதாகக் கூறி உடற்பயிற்சி செய்வோரிடையே சில பெப்டைடுகள் பரவியுள்ளன. அவற்றுள் பிபிசி-157 குறிப்பிடத்தக்கது. இரைப்பை நீரில் உள்ள புரதம் ஒன்றின் பகுதி எனக் கூறப்படும் இது 15 அமினோ அமிலங்கள் கொண்டது. இதற்கான சான்றுகளில் பெரும்பான்மை எலி முதலிய விலங்குகளில் நடந்த ஆய்வுகளே. மனிதரில் நடந்த ஆய்வுகள் மிகச் சில. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022இல் இதனைத் தடை செய்யப்பட்ட பொருட்களுள் சேர்த்தது. "ஆய்வுக்கு மட்டும்" என்ற குறிப்போடு விற்கப்படும் குப்பிகளின் தூய்மைக்கும் அளவுக்கும் மருந்துகளுக்குரிய தரச் சோதனை செய்யப்படுவதில்லை. எனவே அவற்றைச் செலுத்திக்கொள்வோர் பயன் உறுதியாகாத பொருளோடு, நோய்த்தொற்றுக்கான இடரையும் ஏற்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

ஜி. என். இராமச்சந்திரன்
இராமச்சந்திரன் வரைபடம்
நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம்
உயிர்ச்சத்து சி
ஜெலட்டின்
நீரிழிவு நோய்